மடக்குக் கத்தியின் லாக் சிக்கினால்: துடைப்பதா, கழற்றுவதா, வேறு கத்தி வாங்குவதா?

மடக்குக் கத்தியைத் திறப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. மூடும்போதுதான் வம்பு. திறந்த பிளேடு மடிந்துவிடாமல் பிடித்திருக்கும் லாக்கைத் தள்ளினால் அசையாது. நகம் வலிக்க அழுத்தினால் திடீரென்று 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். அந்த நேரத்தில் விரல் பிளேடின் பாதையில் இருந்தால் வெட்டு நிச்சயம்.

மும்பையில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். கடற்காற்றில் உப்பு, ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத ஈரம், கூட்டமான லோக்கல் ரயிலில் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஊறும் வியர்வை, அதோடு துணிப்பஞ்சு. வருஷத்தில் நாலைந்து தடவை லோனாவளா பக்கம் மலையேறப் போகிறவர், பையில் கொய்யாப்பழம் நறுக்க ஒரு கத்தி வைத்திருந்தால், மழைக்காலம் முடியும்போது அதன் லாக் ஒரு தடவையாவது முரண்டு பிடித்திருக்கும்.

அப்போது முன்னால் நிற்கும் வழிகள் பல: கழுவி எண்ணெய் விடலாம், பென்சிலால் தேய்க்கலாம், பழகட்டும் என்று விடலாம், கழற்றிச் சுத்தம் செய்யலாம், அரத்தால் ராவலாம், கம்பெனிக்கு அனுப்பலாம், தலைமுழுகிவிட்டு வேறு வாங்கலாம். இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. சிக்கும் லாக் எரிச்சல் தரும்; வழுக்கும் லாக் விரலைப் பதம் பார்க்கும். சிக்கலைத் தீர்க்கிறேன் என்று லாக்கை வழுக்கவிடுகிற எந்த வழியும் எனக்கு வேண்டாம். செய்த பிறகு திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத வழியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

முதலில், சிக்குவது எது?

"லாக் சிக்குது" என்று கொண்டுவரும் கத்திகளில் பாதிக்கு லாக் சரியாகத்தான் இருக்கும். பிளேடு சுழலும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது அங்குள்ள ஸ்க்ரூ அதிகமாக முறுக்கப்பட்டிருக்கும். பார்ப்பது சுலபம். லாக்கை விடுவித்துப் பிடித்துக்கொண்டு, பிளேடை மட்டும் பாதி வரை மெல்ல ஆட்டிப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் குற்றம் அச்சில். பிளேடு தாராளமாக ஆடுகிறது, முழுக்கத் திறந்த நிலையில் லாக்கை எடுக்கத்தான் முடியவில்லை என்றால் குற்றம் லாக்கில். இதைக்கூடப் பார்க்காமல் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து, எந்த வகை லாக் என்று தெரிய வேண்டும். நம்மூரில் கிடைக்கும் கத்திகளில் பெரும்பாலானவை லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உள்தகட்டின் ஒரு பகுதி ஸ்பிரிங் போல வளைந்து, பிளேடு திறந்ததும் அதன் அடிப்பாகத்துக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கும். கைப்பிடியே அந்த வேலையைச் செய்தால் ஃப்ரேம் லாக். இது கிறிஸ் ரீவ் என்ற தென்னாப்பிரிக்கக் கத்திக் கலைஞர் பரவலாக்கியது, பெரும்பாலும் டைட்டானியத்தில் வரும்.

இந்த இரண்டும் சிக்குவதன் சூட்சுமம் ஒன்றுதான். பிளேடின் அடியில் தகடு முட்டும் முகம் நேராக இருக்காது. சுமார் 8 டிகிரி சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். கதவுக்கு அடியில் தள்ளும் ஆப்பு மாதிரி. சாய்வு குறைவாக இருந்தால் ஆப்பு இறுகப் பிடித்துக்கொள்ளும், கூடுதலாக இருந்தால் நழுவிவிடும். உலோகத்தோடு உலோகம் உரசும் உராய்வுக்கு ஏற்ப, நழுவாமலும் இறுகாமலும் இருக்கும் அந்த நடு இடத்தைப் பிடிப்பதில்தான் கத்தி செய்பவரின் கைவண்ணம். துரு, பழச்சாறு, பஞ்சு எது அந்த முகத்தில் படிந்தாலும் உராய்வு கூடும், ஆப்பு இறுகும். டைட்டானியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: தன்மேல் உரசும் உலோகத்தோடு நுண்ணிய அளவில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விலை உயர்ந்த ஃப்ரேம் லாக்கும் புதிதில் சிக்கும். இதைத் தவிர்க்க முட்டும் நுனியில் மட்டும் ஸ்டீல் துண்டு பொருத்தி விற்கிறார்கள்.

கைப்பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் பேக் லாக் வேறு ரகம். 1960-களில் வந்த பக் 110 என்ற அமெரிக்கக் கத்தி இதைப் பிரபலமாக்கியது. இதில் லாக் விழும் பள்ளத்தில் பஞ்சு போய் உட்கார்ந்துவிட்டால் லாக் முழுதாக இறங்காது. திறந்துவிட்டதாக நினைப்போம், அது பாதியில் நிற்கும். இது சிக்குவதைவிட மோசம். பல்குத்தும் குச்சியால் அந்தப் பள்ளத்தைத் தோண்டி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஓப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தியில் கழுத்து வளையத்தைத் திருப்பிப் பூட்ட வேண்டும். 1955-இல் வந்த அமைப்பு. இதன் கதை தனி என்பதால் பின்னால் வருகிறேன்.

கழுவி எண்ணெய் விடுவது

முதல் வழி, பலருக்குக் கடைசி வழியும் இதுவே. முழுக்க உலோகமும் பிளாஸ்டிக்குமான கத்தி என்றால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, தண்ணீருக்குள்ளேயே பலமுறை திறந்து மூடுங்கள். விக்டோரினாக்ஸ் கம்பெனி தன் கத்திகளுக்குச் சொல்வதும் இதேதான். பழைய டூத்பிரஷ்ஷால் லாக் முட்டும் முகத்தைத் தேயுங்கள். வெளியே வரும் கறுப்புக் கசடைப் பார்த்தால் இத்தனை நாள் எதைப் பாக்கெட்டில் வைத்திருந்தோம் என்று தெரியும்.

காய வைப்பதில்தான் மும்பைக்காரர் கோட்டை விடுவார். ஜூலை மாதத்தில் பால்கனியில் போட்ட சட்டையே இரண்டு நாளில் காயாது. கத்தியின் இடுக்கு எப்படிக் காயும்? ஃபேனுக்கு அடியில் திறந்து வைத்து, முடி உலர்த்தும் டிரையர் இருந்தால் ஐந்து நிமிஷம் காட்டுங்கள். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் துருவை மூடி வைத்தது மாதிரிதான்.

சரி, எந்த எண்ணெய்? இங்கேதான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.

தமிழ் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. வெயில் காலத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். ஜனவரி அதிகாலையில் மலைமேல் கத்தியை எடுத்தால் உள்ளே மெழுகு. அவ்வளவு ஏன், ஏசி போட்ட ஆபீசிலேயே உறைந்துவிடும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். காற்றுப்பட்டால் நாளடைவில் பிசுபிசுப்பாகி, பஞ்சைப் பிடித்துப் பசையாகிவிடும். சமையல் எண்ணெய் எதுவுமே இந்த வேலைக்கு ஆகாது.

டபிள்யூடி-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவாக்கியது. பெயரில் உள்ள அந்த இரண்டு எழுத்துக்கும் 'தண்ணீரை விரட்டுவது' என்றுதான் பொருள். அந்த வேலைக்கு, அதாவது கழுவியபின் இடுக்கில் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற, இது அருமை. துருவைக் கொஞ்சம் இளக்கும், பழைய பிசுக்கைக் கரைக்கும். ஆனால் நீண்ட நாள் வழுவழுப்புக்கு இதை நம்ப முடியாது; பெரும்பகுதி ஆவியாகி, மெல்லிய படலம்தான் மிஞ்சும். அடித்ததும் லாக் சரியாகும், மறுவாரம் மறுபடி சிக்கும், மறுபடி அடிப்போம். இப்படியே டப்பா காலியாகும்.

எனக்குப் பிடித்தது தையல் மெஷின் எண்ணெய். தாராவியில் 90 ஃபீட் ரோடு பக்கம் நம்மவர் கடைகளில் கேட்டாலே கிடைக்கும்.

"அண்ணாச்சி, மெஷின் எண்ணெய் இருக்கா?"

"எந்த மெஷினுக்கு தம்பி?"

"மெஷினுக்கு இல்ல, கத்திக்கு."

"அப்ப சின்ன பாட்டிலே எடுத்துக்க. அதுவே ரெண்டு வருஷம் வரும்."

அண்ணாச்சி சொன்னது சரி. தேவை ஒரே ஒரு சொட்டு; குண்டூசி முனையில் தொட்டு அச்சின் இரண்டு பக்கமும் வைத்து, திறந்து மூடி, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். பழம் நறுக்கும் கத்தி என்றால் மெடிக்கல் ஷாப்பில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின் இன்னும் உத்தமம். வயிற்றுக்குள் போனாலும் கவலையில்லை, நாறாது, பிசுக்காகாது. இந்த இரண்டில் எது என்று கேட்டால், பார்சல் பிரிக்கும் கத்திக்கு மெஷின் எண்ணெய், மாம்பழக் கத்திக்குப் பாரஃபின். கிரீஸ் வேண்டாம், மும்பைத் தூசியையும் பஞ்சையும் காந்தம் போலச் சேர்க்கும்.

எதை விட்டாலும் அச்சில் மட்டும் விடுங்கள். லைனர் லாக், ஃப்ரேம் லாக் இரண்டிலும் முட்டும் முகத்தில் எண்ணெய் வேண்டாம். ஆப்பு நிற்பதே உராய்வினால்தான். அங்கே எண்ணெய் போட்டால் சிக்கல் போகும், கூடவே பிடிப்பும் குறையும்.

பென்சிலா, பொறுமையா?

கழுவிய பிறகும் லைனர் லாக்கோ ஃப்ரேம் லாக்கோ சிக்கினால், அடுத்த இரண்டு வழிகளுக்கும் செலவே இல்லை. ஒன்று, முட்டும் முகத்தில் பென்சிலால் லேசாகக் கறுப்படிப்பது. பென்சிலில் உள்ள கிராஃபைட் ஓரளவு வழுவழுப்பு தரும், ஆனால் எண்ணெய் அளவுக்கு நழுவவிடாது. உடனே பலன் தெரியும். சிலர் இதற்கு மார்க்கர் பேனாவைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இன்னொரு லாபம் உண்டு: பத்துத் தடவை திறந்து மூடியபின் மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் தகடு எந்த இடத்தில் உரசுகிறது என்பது தெரிந்துவிடும். முகம் முழுக்க அழிந்திருந்தால் நல்லது. ஒரு ஓரத்தில் கீறல் மாதிரி அழிந்திருந்தால் அங்கே ஒரு பிசிறு இருக்கிறது என்று அர்த்தம்.

பென்சிலுக்கு எதிராக ஒரு விஷயம் உண்டு. உப்பும் ஈரமும் இருக்கும் இடத்தில் கிராஃபைட் இரும்போடு ஒட்டியிருந்தால் துருவைத் தூண்டும். டெல்லிக்காரருக்கு இது பெரிய கவலை இல்லை. கடலோரத்தில் இருக்கும் நமக்கு, மழைக்காலத்தில் பென்சிலைவிட மார்க்கர் தேவலை என்பேன். மை சீக்கிரம் அழிந்துவிடும்தான், மறுபடி போட்டுக்கொண்டால் போகிறது.

இன்னொன்று, பழக விடுவது. கத்தி புதிதென்றால் இதற்குத்தான் என் ஓட்டு. டிவி பார்க்கும்போது நிதானமாகத் திறந்து, லாக் உட்கார்ந்ததும் எடுத்து, மூடி, மறுபடி. சில நூறு தடவையில் இரண்டு உலோக முகங்களும் ஒன்றுக்கொன்று படிந்துவிடும். ஆனால் 'சடக்' என்று வீசித் திறக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிட வேண்டும். வேகமாகத் திறந்தால் தகடு இன்னும் ஆழமாகப் போய் இறுகும். மெதுவாகத் திறந்தால் சிக்காத லாக் வீசினால் மட்டும் சிக்குகிறது என்றால் கோளாறு கத்தியில் இல்லை, மணிக்கட்டில். பழைய கத்தி திடீரென்று சிக்கத் தொடங்கினால் மட்டும் பொறுமை உதவாது. அங்கே ஏதோ படிந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

கழற்றுவது

கைப்பிடியில் நட்சத்திர வடிவ ஸ்க்ரூக்கள் இருந்தால்தான் இந்தப் பேச்சே. விக்டோரினாக்ஸ் மாதிரி ரிவெட் அடித்த கத்தியைக் கழற்ற நினைக்காதீர்கள். ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் டி6, டி8 அளவு. அதற்கான பிட்டுகள் நாக்தேவி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். மலிவான பிட்டை வாங்கி ஸ்க்ரூவின் தலையை மழுக்கிவிட்டால் அப்புறம் கத்தி காலத்துக்கும் மூடியபடிதான். ஸ்க்ரூ அசையவில்லை என்றால் மரையில் பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்னின் நுனியை அதன் தலையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினால் இளகும்.

கழற்றுவதால் கிடைப்பது என்ன? வாஷருக்கு அடியில் மறைந்திருக்கும் துருவைத் துடைக்கலாம், அவ்வளவுதான். டி2 ஸ்டீல் கத்திகளில் இது நிஜமாகவே பயன்படும். அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் முழுத் துருப்பிடிக்காத ரகம் அல்ல; மும்பைக் காற்றில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். அச்சில் பேரிங் இருந்தால் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் கழற்றுங்கள். குண்டு ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனால் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். திரும்ப மாட்டும்போது அச்சு ஸ்க்ரூவை முழுக்க முறுக்கிவிட்டு, பிளேடு பக்கவாட்டில் ஆடாமலும் சுழலத் திணறாமலும் இருக்கும் இடம் வரை துளித்துளியாகத் தளர்த்த வேண்டும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒதுக்கலாம். கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று சில கம்பெனிகள் எழுதி வைத்திருக்கும். சீட்டை முதலில் படித்துவிடுங்கள்.

அரம், சாணை

வேண்டாம். முட்டும் முகத்தில் தலைமுடி அளவு ராவினாலும் தகடு இன்னும் உள்ளே தள்ளிப் போய் உட்காரும். சாய்வு மாறினால் லாக் நிற்காமலே போகலாம். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சைக்கிளில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவர் அரிவாள்மணையைப் பளபளவென்று தீட்டித் தருவார். அவர் தொழிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் லாக்கை அவரிடம் காட்டாதீர்கள். மார்க்கர் சோதனையில் ஓரத்தில் பிசிறு தெரிந்தால், மிக நுண்ணிய உப்புத்தாளால் அந்த ஓரத்தை மட்டும் ஓரிரு தடவை நீவலாம். என்னால் ஒத்துக்கொள்ள முடிந்த எல்லை அதுதான்.

கம்பெனிக்கு அனுப்புவதா, வேறு வாங்குவதா?

நல்ல கம்பெனிக் கத்தியாக இருந்து, புதிதிலேயே லாக் சிக்கினால், அல்லது அதைவிட முக்கியமாக, லாக் நிற்காமல் மடிந்தால், நீங்கள் எதையும் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். லெதர்மேன் 25 வருஷம் உத்தரவாதம் தருகிறது; விக்டோரினாக்ஸ் உலோகக் குறை, தயாரிப்புக் குறைக்கு ஆயுள் முழுக்கத் தருகிறது. துருவும் தேய்மானமும் பொதுவாக இதில் சேராது. தொல்லை என்னவென்றால் கூரியரில் கத்தி என்றதும் பல கவுண்டர்களில் முகம் சுளிப்பார்கள். கடைக்காரர் மூலமாக அனுப்ப முடிந்தால் அது நிம்மதி.

நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய கத்தி என்றால், கழுவி, எண்ணெய் விட்டு, மார்க்கர் போட்டுப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதில் மெல்லிய தகடும் தோராயமான சாய்வும்தான் இருக்கும். அதற்கு ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வேறு வாங்குவதானால் எதை? ஓப்பினெல்லைப் பலரும் சொல்வார்கள். அழகான கத்தி, விலையும் நியாயம். 8-ஆம் நம்பரின் பிளேடு 8.5 செ.மீ., பழம் நறுக்கக் கச்சிதம். ஆனால் கைப்பிடி மரம். மும்பை மழையில் மரம் ஈரம் குடித்து ஊதி, பிளேடைக் கவ்விக்கொள்ளும். அப்போது வளையத்தைத் திறந்துவிட்டு, கைப்பிடியின் பின்நுனியை மேஜையில் தட்டினால் பிளேடு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும். அதைப் பிடித்துத் திறக்கலாம். பிரான்சின் சவாய் மலைக்காரர்கள் செய்யும் வித்தை இது. இந்தக் கத்தியை நீரில் ஊறப்போட்டுக் கழுவக் கூடாது. மேலே சொன்ன வைத்தியத்துக்கு நேர் எதிர். ஸ்டீலிலும் இரண்டு ரகம் உண்டு, துருப்பிடிக்கும் கார்பன், துருப்பிடிக்காத இனாக்ஸ். கடலோரத்தில் இருப்பவர் இனாக்ஸையே எடுக்க வேண்டும். புனேயில் இருந்தால் ஓப்பினெல் வாங்கச் சொல்வேன். மும்பையில், மழையோடு மலையேறுபவருக்கு, தயங்குவேன்.

அவருக்கு என் சிபாரிசு, துருப்பிடிக்காத ஸ்டீலில் பேக் லாக், அல்லது குறுக்குக்கம்பி அமைப்பு. இரண்டாவதில் ஒரு சிறு கம்பி இரு பக்கமும் நீட்டிக்கொண்டு பள்ளத்தில் ஓடும். பெஞ்ச்மேட் என்ற அமெரிக்கக் கம்பெனி பிரபலமாக்கியது, இப்போது கான்சோ போன்ற சீனக் கத்திகளிலும் வருகிறது. மூடும்போது விரல் பிளேடின் பாதையில் வராது என்பதே இதன் பெரிய சௌகரியம். உள்ளே தலைமுடி போன்ற இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும். ஒன்று உடைந்தால் கம்பி ஒரு பக்கமாக இழுக்கும். அதுதான் பலவீனம்.

ஆனால் பார்சல் பிரிக்க, ஆப்பிள் நறுக்க, பென்சில் சீவ மட்டும் கத்தி வேண்டும் என்பவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்கு லாக்கே தேவையில்லை என்பது என் எண்ணம். விக்டோரினாக்ஸின், மூடிய நிலையில் 91 மி.மீ. நீளமுள்ள கத்திகளில் பெரிய பிளேடுக்கு லாக் கிடையாது, முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். குத்துவதற்கோ துளைப்பதற்கோ அது லாயக்கில்லை. வெட்டுவதற்குத் தாராளம். சிக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. பார்க்கச் சின்னக் கத்தியாக இருப்பதால் யாரும் மிரளவும் மாட்டார்கள். சட்டத்தில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், வீட்டு உபயோகத்துக்கானவை நீங்கலாக. ஆனாலும் பொது இடத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு திரிய வேண்டிய அவசியம் என்ன? மெட்ரோ வாசலில் பையை ஸ்கேன் செய்வார்கள். விமானத்தில் கைப்பையில் விடவே மாட்டார்கள், செக்-இன் பெட்டிக்குள் போட வேண்டும்.

எந்த வழியில் லாக்கைச் சரிசெய்தாலும், புதிதாகக் கடையில் வாங்கினாலும், ஒரு சோதனை செய்துவிடுங்கள். கத்தியை முழுக்கத் திறந்து, விரல்கள் எதுவும் பிளேடு மடியும் பாதையில் இல்லாதபடி உள்ளங்கையால் மட்டும் பிடித்து, பிளேடின் முதுகை ஒரு மரப்பலகையில் மெதுவாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அது நல்ல லாக்கையும் கெடுக்கும். மடியாமல் நின்றால், ஒரே கட்டைவிரலால் லாக்கை எடுத்து மூடிப் பாருங்கள். லைனர் லாக்கில் தகடு பிளேடின் அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஏறி நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத் தகட்டை முட்டும் அளவுக்குப் போயிருந்தால் தேய்ந்த கத்தி. கடைக்காரர் பெட்டியைப் பிரித்துத் திறந்து பார்க்க விடவில்லை என்றால், பக்கத்துக் கடையில் விடுவார்கள்.